சூட்டுக் கொப்புளம்

ஜூன் 9, திங்கள்

வயநாட்டு லோடு வந்தது. நாற்பது மூட்டை. முதல் எட்டிலும் அருமையான மிளகு. ஒன்பதாவதில் கம்பியைக் குத்தி ஒரு கை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். பப்பாளி விதை மிதந்து வந்தது. கொண்டுவந்த ஆள், "இதெங்ஙன வந்நு?", எப்படி வந்தது என்று என்னையே கேட்கிறான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நடிப்பில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான்.

முதலாளி சாயா குடித்துக்கொண்டே, "பாண்டித்துரைக்கு சொந்தம் பெண்டாட்டிய கூட விஸ்வாசம் இல்ல" என்றார். மலையாளத்தில் விஸ்வாசம் என்றால் நம்பிக்கை. குடோனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தேனியிலிருந்து மட்டாஞ்சேரி வந்து பதினொரு வருடம் ஆகிறது. மூட்டை பார்ப்பதில் ஒருமுறைகூட நான் ஏமாந்ததில்லை.

ரோஜாவுக்கு இது மூன்றாம் மாதம். போன வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். நாளை ரிசல்ட் வாங்கவேண்டும்.

(இந்த டைரியைப் பூட்டி வைக்கலாமா என்று அவ்வப்போது தோன்றும். தேவையில்லை. அவள் பள்ளுருத்தியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது.)

ஜூன் 10, செவ்வாய்

ரோஜா சீட்டை நான்காக மடித்துக் கொண்டுவந்தாள். "ரத்தத்துல என்னமோ இருக்காம். உங்களையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க, வியாழக்கிழம."

"என்னையா? புள்ளத்தாச்சி நீதான?"

"எனக்கு அறியில்ல. வரச் சொன்னாங்க."

பிள்ளை பெறப்போகிறவள் ரத்தத்துக்குப் புருஷன் எதற்கு? எங்கேயோ இடிக்கிறது.

ஜூன் 12, வியாழன்

இடித்தது சரிதான்.

கவுன்சிலிங் அறையில் ஸாதனா என்று ஒரு பெண். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பமாம். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் சொன்னாள். ரோஜாவுக்கு இருப்பது சிபிலிஸ். ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் படுக்கையில் தொற்றுவது. "பயப்பட வேண்டா. நேரத்தோட கண்டுபிடிச்சாச்சு. ரோஜாவுக்கு வாரம் ஒண்ணு, மூணு ஊசி. குஞ்ஞையும் அது காப்பாத்தும். உங்களுக்கும் அதே ஊசி. ரெண்டு பேருக்கும் போட்டாத்தான் காரியம். ஒருத்தருக்கு மட்டும் போட்டா திரும்ப வரும்."

ரோஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஏன் அழவில்லை?

பிறகு ஸாதனா என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் வேறு யாருடனாவது பழக்கம் உண்டா? அந்த இடத்தில் புண் எதுவும் வந்ததுண்டா? இரண்டுக்கும் இல்லை என்றேன். இரண்டாவதற்குச் சொன்னது உண்மை. முதலாவது அவளுக்குத் தேவையில்லாத விஷயம்.

ரத்தம் கொடுத்தேன். ஊசி வேண்டாம் என்றேன். போட்டுக்கொண்டால் ஒப்புக்கொண்ட மாதிரி. இனி அவளைத் தொடப்போவதில்லை, பிறகு எனக்கு எதற்கு ஊசி? "உங்க ஒடம்புக்கும் வேணும் சேட்டா" என்றாள் ஸாதனா. பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

முதல் ஊசியைப் போட்டுக்கொண்ட ரோஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். ஆட்டோ வைக்கவில்லை. பஸ்ஸில்தான் வந்தோம்.

ஜூன் 13, வெள்ளி

யார்?

ஜூன் 14, சனி

நிதானமாக யோசிக்கிறேன். ரோஜா போவது வருவது மூன்றே இடம். சுள்ளிக்கல்லில் எங்கள் வாடகை வீடு, பள்ளுருத்தியில் அவள் அம்மா வீடு, ஜூ டவுனில் அவள் வேலை பார்க்கும் அத்தர் கடை. முதல் இரண்டிலும் வேறு ஆண்கள் கிடையாது. கடையில் உண்டு. மேனேஜர் ரமேஷ்பாபு.

மழை என்றால் அவன் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். மே மாதத்தில் இரண்டு முறை. ஏப்ரலில் ஒரு முறை, அதுவும் மழையில்லாத நாள். விஷுவுக்கு எல்லோருக்கும் அத்தர் பாட்டில் கொடுத்தானாம். இவளுக்கு மட்டும் பெரிய பாட்டில். அன்று நான் அந்த வாசனை நன்றாயிருக்கிறது என்றுகூடச் சொன்னேன். மடையன்!

ஜூன் 16, திங்கள்

எனக்கும் இருக்கிறது. ரிசல்ட் வந்துவிட்டது.

கொடுத்துவிட்டாள் எனக்கும்.

சீட்டில் ஒரு எண் போட்டிருந்தது. என்னுடையது அவளுடையதைவிடப் பெரிது. இதை வைத்து யாருக்கு முதலில் வந்தது என்று சொல்லமுடியுமா என்று ஸாதனாவிடம் கேட்டேன். மிளகில் நாங்கள் எடையை வைத்து எந்தத் தோட்டம் என்றே சொல்லிவிடுவோம். "அத இத வெச்சுச் சொல்லப் பற்றாது. நாங்க யாரு முதல்னு நோக்கறதே இல்ல. ரெண்டு பேருக்கும் மருந்து, அவ்வளவுதான்."

வசதியான பதில். குற்றவாளியைத் தப்பவிடுவதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி.

இன்றும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 18, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஜூ டவுன் போனேன். அத்தர் கடைக்கு எதிரே பழம்பொருள் கடை. பாயசம் காய்ச்சும் பெரிய செம்பு வார்ப்பு ஒன்றின் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றேன். கடைக்காரன் என்னை வாங்க வந்தவன் என்று நினைத்து மூன்று முறை விலை குறைத்தான்.

பார்த்தது: வெள்ளைக்காரி ஒருத்திக்கு ரோஜா பாட்டிலைத் திறந்து காட்டினாள். ரமேஷ்பாபு உள்ளே இருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டு, "ரோஜா கொச்சே, இரிக்கு. நிக்கண்டா" என்றான். கொச்சே! செல்லமாகக் 'குழந்தே' என்கிறான்! அவள் உட்கார்ந்தாள். சிரித்தாள்.

அவனுக்குத் தலை முழுக்க நரைத்திருக்கிறது. ஐம்பத்தைந்துக்குக் குறையாது. அதனால் என்ன?

ஜூன் 19, வியாழன்

இரண்டாவது ஊசிக்கு ரோஜா அவள் அம்மா சீனியம்மாளுடன் போனாள். நான் வரமாட்டேன் என்றேன். போகும் வழியில் சீனியம்மாள் விடாமல் கேட்டிருக்கிறாள், என்ன ஊசி, எதுக்கு ஊசி என்று. இவளும் சொல்லியிருக்கிறாள்.

திரும்பி வந்ததும் வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், சீனியம்மாள் அவளைக் கன்னத்தில் அடித்தாள். "எவன்டி? மாப்ள நிக்காரு, அவரு மொகத்தப் பாத்துச் சொல்லு, எவன்டி?" ரோஜா என்னைப் பார்த்தாள். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது அடியும் விழுந்தது.

யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன். அந்த அடி விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

ஜூன் 21, சனி

கேட்டேவிட்டேன். சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"வயித்துல இருக்கது யாருது?"

கரண்டியைச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள். "உங்களுக்கு எப்பவாச்சும் புண்ணு கிண்ணு வந்துச்சா? சத்தியமா சொல்லுங்க" என்றாள்.

"என்னயவே திருப்பிக் கேக்கியா நீ? என்னயவா? எனக்கு ஒரு புண்ணும் வரல, ஒரு மண்ணும் வரல!" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

வரவில்லைதான். வந்திருந்தால் எனக்குத் தெரியாதா?

ஜூன் 23, திங்கள்

ரோஜா வேலையை விட்டுவிட்டாள். நான் சொல்லவில்லை, அவளே விட்டாள். கடைச் சாவியை ரமேஷ்பாபுவிடம் கொடுத்துவிட்டாளாம். ஏன் என்று அவன் கேட்கவில்லையா? கேட்டானாம். உடம்பு முடியவில்லை என்றாளாம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் விட்டாள்? குற்றமில்லாதவள் விடுவாளா?

ஜூன் 26, வியாழன்

மூன்றாவது ஊசி முடிந்தது. படுத்தே கிடக்கிறாள். சாயங்காலம் சுவரைப் பார்த்தபடி கேட்டாள்: "கடை பாத்ரூமுல இருந்து வருமா? நாங்க நாலு பேரு அதத்தான் உபயோகிச்சோம். சின்னதுல டைபாய்டு வந்தப்ப ஊசி போட்டாங்க, அதுல வந்திருக்குமா?"

நடிப்பு என்றால் இவ்வளவு நுணுக்கமாக யோசிக்க முடியுமா? முடியும். பப்பாளி விதையைக் காயவைத்து, மிளகு நிறம் வரும்வரை காத்திருந்து கலக்கிறவர்கள் இல்லையா!

ஜூன் 29, ஞாயிறு

மதியம். ரோஜா பள்ளுருத்தி போயிருக்கிறாள்.

ரமேஷ்பாபுவை முதன்முதலில் எப்போது பார்த்தேன் என்று தேதியோடு எழுதிவைக்க நினைத்தேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்திருந்தான். போன வருடத்து டைரியை எடுத்து செப்டம்பர் 8-ஐப் புரட்டினேன். "ரோஜாவின் மேனேஜர், மனைவியுடன் வந்தார். சுவர்க்கடிகாரம்." அவ்வளவுதான். முன்னால் ஏதாவது எழுதியிருப்பேனோ என்று பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன்.

இருந்ததை அப்படியே பார்த்து எழுதுகிறேன். என் கையெழுத்துதான்.

"ஆகஸ்ட் 20. உள்ளங்கை, உள்ளங்காலெல்லாம் சிவப்புப் புள்ளி. அரிப்பு இல்லை. மிளகுத் தூசியாக இருக்கும். முதலாளியிடம் கையுறை கேட்கவேண்டும்."

"ஜூலை 2. சூட்டுக் கொப்புளம் தானே ஆறிவிட்டது. இளநீரின் மகிமை. டாக்டர் செலவு மிச்சம்."

"ஜூன் 11. கீழே ஒரு புண். வலியே இல்லை. கூர்க் போய்வந்த லாரிச் சூடுதான். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வெந்தயம் ஊறவைத்திருக்கிறேன்."

"மே 19. கூர்க். லோடு நாளைக்குத்தான் ஏறும். லாட்ஜ். எழுத வேண்டியதில்லை."

எழுத வேண்டியது இல்லைதான். எனக்கே தெரியும். லாட்ஜ் ஆள் வந்து கதவைத் தட்டிக் கேட்டான், நான் சரி என்றேன். அந்தப் பெண்ணின் பெயர்கூடக் கேட்கவில்லை.

புண் வந்ததா என்று கேட்டால் வந்தது. ஆனால் அது புண் இல்லை, சூடு. சூட்டுக்கு என்ன உண்டோ அதைச் செய்தேன், போய்விட்டது. போய்விட்டதால் சூடு என்றே ஆகிவிட்டது. ஸாதனா கேட்டபோது ஒரு நொடிகூட அது நினைவுக்கு வரவில்லை. அவளிடம் நான் பொய் சொல்லவில்லையே!

மிளகுத் தூசி பட்டால் அரிக்கும், எரியும், கண்ணில் நீர் வரும். பதினொரு வருடம் அதில் கை வைத்தவன் "அரிப்பு இல்லை" என்று என் கையாலேயே எழுதி, பக்கத்திலேயே மிளகுத் தூசி என்றும் எழுதியிருக்கிறேன். அதற்குப் பத்தொன்பதாம் நாள் அந்தக் கையால்தான் தாலி கட்டினேன்.

ஜூன் 30, திங்கள்

டைரியோடு ஆஸ்பத்திரி போனேன். அந்த நான்கு இடங்களையும் ஸாதனாவுக்கு வாசித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"சூடுன்னு சொல்லாத ஆளு இங்க வந்ததே இல்ல சேட்டா. அந்தப் புண்ணு வலிக்காது, தானே ஆறும். தடிப்பும் தானே போகும். நோய் உள்ள இருக்கும். அதுதான் அதோட குணம்."

"ரோஜாட்ட நீங்க சொல்லிருவீங்களா?"

"ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்ட்ட நான் சொல்றதில்ல. சொல்லணும்னா நீங்கதான்."

முதலில் கையில் சின்னதாகக் குத்திப் பார்த்தார்கள். அப்புறம் இடுப்பில். அப்பா! சுட்ட கம்பியை ஏற்றினமாதிரி இருந்தது. இதைத்தான் அவள் மூன்று முறை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்திருக்கிறாள்.

ஜூலை 1, செவ்வாய்

சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். வாயில் வந்தது வேறு.

"நானும் ஊசி போட்டுக்கிட்டேன். போனது போகட்டும். நான் பெருசா எடுத்துக்கல."

ரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். "நான் ஒண்ணும் செய்யல. அம்மச்சியாணை செய்யல. எப்படி வந்துச்சுன்னு எனக்கு அறியில்ல. ஆனா நீங்க இப்படிச் சொன்னதே போதும்." பிறகு வெந்நீரில் துணியை நனைத்து என் இடுப்பில் ஒத்தடம் கொடுத்தாள்.

மன்னித்துவிட்டேன். யாரை யார்? த்தூ.

ஜூலை 3, வியாழன்

காலையில் சீனியம்மாள் வந்தாள். காய்கறி வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "வேற ஆம்பளையா இருந்தா வெட்டிப் போட்டுருப்பான். நீங்க தெய்வம் மாப்ள." மகளைத் திரும்பிப் பார்த்து, "இவரு காலக் கழுவிக் குடிக்கணும்டி நீ" என்றாள்.

ரோஜா தலையை ஆட்டினாள். சம்மதம் என்று ஆட்டினாள்!

குடோனுக்குப் போய் ஒரு மூட்டைகூடப் பார்க்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

வாசித்துவிட்டேன்.

என் வாயால் சொன்னால் மழுப்பிவிடுவேன் என்று தெரியும். அதனால் போன வருடத்து டைரியைக் கொண்டுவந்து வைத்து, கூர்க்கிலிருந்து கல்யாணம் வரை எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. முடித்ததும், "அந்தப் புண்ணுத் தேதிய இன்னொருக்க வாசிங்க" என்றாள். வாசித்தேன். "தடிப்பு?" அதையும் வாசித்தேன். கல்யாணத் தேதி வரை விரல் விட்டு எண்ணினாள்.

"இந்த வருசத்ததையும் வாசிங்க."

வாசித்தேன். வார்ப்புக்குப் பின்னால் நின்றது, அத்தர் பாட்டில், யார் யார் என்று எழுதியது, எல்லாம். ஜூன் 19-ஐ மட்டும் வாசிக்காமல் பக்கத்தைத் தள்ளினேன். அவளுக்குத் தெரியவா போகிறது?

கீரையை அலசி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்க அம்ம என்ன அடிச்சப்ப நீங்க நின்னுட்டு இருந்தீங்க. அன்னிக்கி ஒண்ணும் எழுதலையா?"

"இல்ல" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

டைரி இரண்டையும் ரோஜா எடுத்துக்கொண்டு பள்ளுருத்தி போய்விட்டாள். வாசித்துக் காட்டிய அன்று இரவு எழுதி முடித்து மேசையில் வைத்தேன், காலையில் அதுவும் இல்லை. குடோன் சீட்டின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

என் மூன்றாவது ஊசியும் இன்று முடிந்தது. அதைச் சொல்ல அங்கே போனேன். சீனியம்மாள் என்னை வாசற்படி ஏறவிடவில்லை. அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இந்தக் கையால எம் புள்ளைய அடிக்க வெச்சுட்டீரே" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஜூ டவுன் வழியாக வந்தேன். ரோஜா கடையில் உட்கார்ந்திருக்கிறாள், அதே பிளாஸ்டிக் நாற்காலி. ரமேஷ்பாபு என்னைப் பார்த்துக் கையாட்டினார். அவருக்கு எதுவும் தெரியாது. எனக்குத்தான் பதிலுக்குக் கை தூக்க முடியவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ரத்தம் பார்த்தார்கள். எண் நன்றாக இறங்கியிருக்கிறது, இருவருக்கும். அவளுக்கு முன்பே பார்த்தாகிவிட்டதாம், ஸாதனா சொல்லவில்லை, ரோஜாவே போனில் சொன்னாள். இரண்டு வாக்கியம். வைத்துவிட்டாள்.

டிசம்பர் 19, வெள்ளி

பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. வராந்தாவில் நின்றேன். உள்ளே விட்டார்கள். என் அம்மாவின் நெற்றி. யாரும் கேட்காமலே அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரோஜா கண்ணை மூடிக்கொண்டாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

குழந்தையின் ரத்த ரிசல்ட் நல்லபடியாக வந்திருக்கிறது. மார்ச்சில் இன்னொரு முறை பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

2026 ஜனவரி 11, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் பள்ளுருத்தி வீட்டுக்கு வரலாம் என்று அனுமதி. சீனியம்மாள் சாயா கொடுத்தாள், பேசவில்லை.

ரோஜா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என் பழைய டைரியை விரித்து வைத்திருந்தாள். படம் பார்க்கிறாள் என்று நினைத்தேன், டைரியில் ஏது படம்? விரலை வைத்து, எழுத்து எழுத்தாகக் கூட்டிக் கூட்டிச் சொன்னாள்:

"நி-ன்-று... பார்-த்து-க்... கொண்-டி-ருந்-தேன். இ-ரண்-டா-வது... அடி-யும்..."

ஆறு மாதமாகப் போனில் பார்த்துத் தமிழ் எழுத்து படித்திருக்கிறாள். நான் தள்ளிய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக.

மிச்சத்தையும் கூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது 'குளிர்ச்சி' தான? வாசிக்க முடியுது. அடி விழுந்தது எனக்கு. உங்களுக்கு எதுக்குக் குளிர்ச்சி?"

சாயா டம்ளரைக் கையில் வைத்தபடி சீனியம்மாளும் என்னைப் பார்த்தாள். சொன்னேன். ரோஜா தப்பு செய்தவள் என்று ஆகிவிட்டால் நான் செய்யாதவன் ஆகிவிடுவேன், அந்தக் குளிர்ச்சி என்றேன்.

குழந்தை சிணுங்கியது. ரோஜா தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, "முதலாளி இந்த வருச டைரி குடுத்துட்டாரா?" என்றாள்.

"குடுத்துட்டாரு. பையில இருக்கு."

"இனி இங்க உக்காந்து எழுதுங்க. எழுதிட்டு இங்கயே வெச்சுட்டுப் போங்க."

அதனால் இதைப் பள்ளுருத்தியில், அவள் எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறாள்: மார்ச்சில் குழந்தையின் டெஸ்டுக்கு மூன்று பேரும் சேர்ந்து போகவேண்டும், ஆட்டோவில்.